ஐநூறு பிரதி அடித்த பிறகு வந்த போன்

எங்கள் வீட்டுப் பரணில் நானூற்றுப் பத்துப் புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே புத்தகம், எழுதியவன் நான். யாருக்காவது கொடுக்கலாம் என்றால் கை வரவில்லை, எடைக்குப் போடலாம் என்றால் மனசு வரவில்லை. அட்டையில் ஒரு தியேட்டரின் படம் இருக்கிறது. அது எந்த ஊர்த் தியேட்டர் என்று எனக்கே தெரியாது. கோவை டவுன்ஹால் பகுதியில் இருந்த டிலைட் தியேட்டரின் கதையை எழுதப் போய், இரண்டரை வருடத்தையும் ஐம்பதாயிரம் ரூபாயையும் விட்ட கதை இது. உங்கள் ஊரிலும் மூடிக் கிடக்கும் ஒரு தியேட்டர் இருக்கும். அதைப் பற்றி நாலு பக்கமாவது எழுதிவைக்க வேண்டும் என்ற ஆசை உங்களில் சிலருக்காவது இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சின்ன வயதில் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு டிலைட்டுக்குப் போயிருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அங்கே ஓடியதெல்லாம் பழைய படங்கள்தான். ஃபேன் சத்தம் வசனத்தை அமுக்கும். இடைவேளையில் முறுக்குக் கூடையோடு ஆள் வருவார். அந்தத் தெருவின் பெயர் ஏன் வெரைட்டி ஹால் ரோடு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. டிலைட்டின் பழைய பெயரே வெரைட்டி ஹால்தான், தியேட்டர் பெயர்தான் தெருவுக்கு ஆகி வந்தது என்பது கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தினமும் சைக்கிளில் கடந்துபோன கட்டடம், நூறு வருடத்துக்கு மேல் பழசு. யாராவது எழுத வேண்டாமா, நாமே எழுதிவிடுவோம் என்று கிளம்பினேன்.

கதை அப்படிப்பட்டது, மயங்கத்தான் செய்யும். சாமிக்கண்ணு வின்சென்ட் கோவைக்காரர், 1883இல் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர் வேலை, மாதம் 25 ரூபாய் சம்பளம் என்று எழுதுகிறார்கள். 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட, அவரிடமிருந்த புரொஜெக்டரையும் ஏசுவின் வாழ்க்கைப் படம் உள்ளிட்ட சுருள்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வின்சென்ட் வாங்கிவிட்டார். இருபத்தைந்து ரூபாய்ச் சம்பளக்காரன் இரண்டாயிரத்தை எப்படிப் புரட்டினான் என்று கணக்கு எழுதுகிறவன் எவனும் வியக்காமல் இருக்க முடியாது. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்தக் கூடாரக் காட்சிக்கு எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன் என்று வாய் நிறையப் பெயர். பிறகு ஊர் திரும்பி, 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது 1930களின் தொடக்கத்தில். அதற்குப் பல வருடம் முன்பே இவர் எஞ்சின் வைத்துச் சொந்தமாக மின்சாரம் எடுத்து விளக்கெரித்தார், மாவு மில் ஓட்டினார், அச்சகம் வைத்தார். 1933இல் கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' எடுத்தார். டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் நன்றாக ஓடியது. 1942இல் இறந்துபோனார்.

இதையெல்லாம் நான் எங்கே பிடித்தேன்? செல்போனில்தான். ராத்திரி கடை சாத்தி வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் குறிப்பெடுத்தேன். பத்து இடத்தில் ஒரே தகவல் இருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். என்னுடைய முதல் தப்பு இதுதான். பத்துப் பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது பத்து சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான். கடையில் ஒரு பில்லைப் பத்து நகல் எடுத்துக் கொண்டுவந்தால் பத்துப் பில் என்று வரவு வைப்பேனா? இங்கே வைத்தேன். நாலு மாதத்தில் 64 பக்கம் எழுதி முடித்துவிட்டேன்.

அட்டைக்குப் படம் வேண்டும். பழைய பொருள் விற்கும் ஒருவர், "வெரைட்டி ஹால் போட்டோ இருக்குங்க, 1920 வாக்கில் எடுத்தது, ஒரிஜினல்" என்றார். பழுப்பேறிய படம். தியேட்டர் வாசல், கூட்டம், ஓரத்தில் ஒரு குதிரை வண்டி. குதிரை வண்டியைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. ஆறாயிரம் சொன்னார், 4,500க்கு முடித்தேன். பேரம் பேசி ஜெயித்துவிட்டதாக வேறு சந்தோஷம். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா, ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. இன்றைக்கு யாராவது என்னிடம் பழைய படம் காட்டினால் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். அப்புறம் லென்ஸை வைத்து, மனிதர்களை விட்டுவிட்டு, சுவரையும் போர்டையும் பார்க்கிறேன்.

அச்சகத்தில் முந்நூறு பிரதி போதுமா என்று கேட்டார்கள். ஐநூறு அடித்தால் ஒரு பிரதிக்கான விலை குறையும் என்றதும் கணக்குப்பிள்ளை மூளை வேலை செய்தது. ஐநூறு, 31,500 ரூபாய். நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு சின்ன அரங்கில் வெளியீடு, சால்வை, மிக்சர், டீ. அடுத்த இரண்டு வாரத்தில் அறுபது பிரதி விற்றது, முப்பது பிரதி இலவசமாகப் போனது. நான் தரையில் நடக்கவில்லை என்று மனைவி சொன்னாள்.

மூன்றாவது வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் போன். திருச்சியிலிருந்து ஒரு பெரியவர். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், குரலில் கோபமே இல்லை. "தம்பி, புத்தகம் நல்லாருக்கு. ஒரே ஒரு சந்தேகம். பொன்மலை ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்தாருன்னு எட்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. ஒர்க்‌ஷாப்பு நாகப்பட்டினத்துலேர்ந்து பொன்மலைக்கு வந்து சேர்ந்ததே 1928ல. உங்க ஆளு 1905லயே வேலைய விட்டுட்டாரு. அவரு எந்தப் பொன்மலையில வேலை பார்த்தாரு?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. திருச்சி ரயில்வே என்றாலே பொன்மலைதானே என்று யாரோ எப்போதோ எழுதியது, நானும் எழுதினேன். போதாக்குறைக்கு, பணிமனைச் சங்கு ஊதியதும் வின்சென்ட் வெளியே வந்து நின்றதாக அரைப் பக்கம் வர்ணனையும் என் சொந்தச் சரக்காகச் சேர்த்திருந்தேன். அந்த அரைப் பக்கத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பெரியவர் சமாதானமாக இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, ஆடிட்டர் மாதிரி உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் 'இது எங்கிருந்து?' என்று கேட்டுக்கொண்டே வந்தேன். தேதி போட்ட காகிதம் ஏதாவது ஆதாரமாக இருந்தால் டிக் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் போட வேண்டும். 64 பக்கத்தில் வட்டம் இல்லாத பக்கம் ஒன்பது. இந்த வேலையை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் செய்திருந்தால் பேனா செலவோடு போயிருக்கும்.

பெரிய வட்டம் தலைப்புக்கே விழுந்தது. 'தென்னிந்தியாவின் முதல் திரையரங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் 1913. அந்தக் கட்டடம் எங்கேயும் போய்விடவில்லை, அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலைப் பிரிவாக நிற்கிறது. நான் சென்னைக்குப் போகும்போதெல்லாம் அதன் எதிரில் பஸ் ஏறியிருக்கிறேன். வெரைட்டி ஹால் 1914 என்று என் புத்தகத்திலேயே இருக்கிறது, தலைப்பில் முதல் என்றும் இருக்கிறது! தென்னிந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தரத் திரையரங்குகளுள் ஒன்று என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சென்னையில் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டரும் ஏறத்தாழ அதே காலம். ஊர்ப்பாசத்தில் நமக்கு 'முதல்' என்ற வார்த்தை இனிக்கும். முதல் தியேட்டர் என்று யார் சொன்னாலும், எந்த எல்லைக்குள் முதல், கூடாரமா நிரந்தரக் கட்டடமா, கட்டியவர் யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பாதி 'முதல்'கள் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

அடுத்தது அட்டைப்படம். கோவைத் தியேட்டர்கள் பலவற்றில் நாற்பது வருடம் ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியவரை ஒரு நண்பர் காட்டிவிட்டார். செல்வபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இது நம்ம வாசலே இல்லீங்களே" என்றார். நான் விடவில்லை, இது 1920ங்க, நீங்க பார்த்தது பிற்காலத்து வாசல் என்றேன். எண்பது வயது மனிதரிடம் போய், இணையத்தில் படித்த தைரியத்தில், பேசுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே பேரனின் பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். டிக்கெட் ஜன்னலுக்கு மேலே ஒரு சின்ன போர்டு, அதில் கட்டண விவரம். 'ந.பை.' என்று எழுதியிருந்தது. நயா பைசா. அந்தக் காசு 1957 ஏப்ரல் முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. என்னுடைய 1920 போட்டோ அந்த இடத்திலேயே முப்பத்தேழு வயது குறைந்துபோனது. விற்றவரைத் தேடிப் போனேன். "நான் கேள்விப்பட்டதச் சொன்னேனுங்க" என்றார். ரசீது கேட்டு வாங்காதது என் குற்றம். எழுத்தில் எதுவும் தராதவரிடம் வாங்கினால் படத்துக்குத்தான் காசு கொடுக்கலாம், அவர் சொல்லும் கதைக்குக் கொடுக்கக் கூடாது.

ஆனால் அந்த நயா பைசாதான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார். தியேட்டர் காகிதங்களில் வருடம் அநேகமாக இருக்காது, ஆனால் வருடத்தைக் காட்டிக்கொடுக்கும் சங்கதிகள் நிறைய இருக்கும். டிக்கெட்டிலோ நோட்டீசிலோ அணா இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முன். நயா பைசா என்று இருந்தால் 57க்கும் 64க்கும் இடையில், ஏனென்றால் 1964 ஜூனில் 'நயா'வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். ரப்பர் முத்திரையில் மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியதாக இருக்கலாம். அதன் பிறகுதான் தமிழ்நாடு என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது. ஆனால் பழைய முத்திரையைத் தேயும்வரை குத்துகிறவர்கள் நம் ஆட்கள், அதனால் ஒரு வருடம் அப்படி இப்படி வைத்துக்கொள்ளுங்கள். லெட்டர்ஹெட்டில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. யாராவது தாத்தா 1925லேயே பேசும் படம் பார்த்தார் என்று சத்தியம் செய்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், எழுத வேண்டாம். தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது 1931 அக்டோபர் 31.

நோட்டீஸ்களில் இன்னொரு வித்தை உண்டு, எனக்கு ஒரு நூலகர் சொல்லிக் கொடுத்தது. சினிமா நோட்டீசில் தேதியும் கிழமையும் இருக்கும், வருடம் இருக்காது. நாளைக்குக் கிழித்துப் போடப் போகிற காகிதத்தில் வருடம் எதற்கு என்று விட்டிருப்பார்கள். என்னிடம் இருந்த ஒன்றில் 'ஜனவரி 14ந் தேதி வெள்ளிக்கிழமை முதல்' என்று மட்டும் இருந்தது. ஜனவரி 14 வெள்ளிக்கிழமையாக வந்த வருடங்களைப் பார்த்தால் 1938, 1944, 1949, 1955. கட்டணம் அணாவில். அதற்கு மேல் போக வேண்டியதில்லை. நோட்டீசில் இருந்த படம் வெளிவந்தது 1948இல், ஆகவே 38உம் 44உம் தானாக விழுந்துவிட்டன. மிச்சம் இரண்டு. அந்த இரண்டு வருடத்துக்கும் அதே வாரத்துச் செய்தித்தாளைப் புரட்டினால் விளம்பரம் கிடைக்கும். இரண்டு வருடச் செய்தித்தாளில் ஒவ்வொரு வாரம் தேடுவதற்கும், நாற்பது வருடச் செய்தித்தாளில் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் லாட்ஜ் வாடகை.

லாட்ஜ் வாடகை என்றதும் சென்னைப் பயணங்களைச் சொல்ல வேண்டும். திருத்திய பதிப்பு போட்டே தீருவேன் என்ற வீம்பில் நாலு முறை போனேன், மொத்தம் 10,800 ரூபாய். முதல் பயணம் முழுக்க வீண். ஓரிடத்தில் அறிமுகக் கடிதம் கேட்டார்கள், என்னிடம் ஆதார் அட்டை மட்டும்தான் இருந்தது. இன்னோரிடத்தில் என்ன கோப்பு வேண்டும் என்று கேட்டார்கள். "டிலைட் தியேட்டர் வரலாறு" என்றேன். அந்தப் பெயரில் எந்த ஊரிலும் கோப்பு இருக்காது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, அதே எழும்பூரில் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய பாட்டுப் புத்தகம், சினிமா நோட்டீஸ், பத்திரிகைகளுக்கு ரோஜா முத்தையாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கோட்டையூரில் தனி ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரம்தான் அதற்கு அடிப்படை. எங்கே போனாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கல்லூரிப் பேராசிரியர் யாரிடமாவது ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, எந்த வருடம், எந்தத் துறை, என்ன காகிதம் என்று ஒரு பட்டியலோடு போங்கள். போகாமலேயே படிக்கக் கிடைப்பதும் உண்டு. 1927இல் ரங்காச்சாரியார் தலைமையில் அமைத்த இந்திய சினிமா விசாரணைக் குழு சென்னை மாகாணத்துத் தியேட்டர்காரர்களையும் கூப்பிட்டு விசாரித்தது. 1928இல் வந்த அதன் அறிக்கையும் சாட்சியத் தொகுதிகளும் ஸ்கேன் ஆகி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மௌனப்படக் காலத்துத் தியேட்டர் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் அதைப் படித்தது மூன்றாவது பயணத்துக்குப் பிறகு, தலையில் அடித்துக்கொண்டு.

உள்ளூர் அலுவலகங்களிலும் இதே கதைதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 'மேற்படி திரையரங்கின் முழு வரலாறு தேவை' என்று ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். முப்பது நாள் கழித்து ஒரு வரியில் பதில்: அவ்வாறான கோப்பு இல்லை. கோபம் கோபமாக வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சினிமாத் தியேட்டர் நடத்த 1955 ஆம் வருடச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். தியேட்டர்காரர்கள் அதை சி ஃபாரம் என்பார்கள். மாவட்டங்களில் அதைக் கொடுப்பவர் கலெக்டர். அந்த உரிமத்துக்காகக் கட்டட உறுதிச் சான்று, மின்சாரச் சான்று, சுகாதாரச் சான்று என்று வரிசையாகக் காகிதம் போயிருக்கும். கேட்பதென்றால் அப்படிப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது, அழித்த பதிவேட்டின் நகல் கொடுங்கள் என்று அடுத்த மனு போடுங்கள். இரண்டாவது மனுவுக்குப் பிறகு சில நேரம் முதல் காகிதமே கிடைத்துவிடும், அது எப்படி என்று கேட்காதீர்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: கதவு எண் உதவாது, டவுன் சர்வே எண் வேண்டும். இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகானதுதான் வரும். அதற்கு முந்தையதைக் கையால் தேடச் சொல்லி விண்ணப்பம் போட வேண்டும், காசும் நாளும் ஆகும்.

உண்மையான தங்கச் சுரங்கம் பழைய பேப்பர் கடை. உக்கடத்தில் ஒரு கடையில் டி.சி.ஆர். புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். டிலைட்டுடையது அல்ல, மூடிப்போன வேறொரு தியேட்டருடையது. டி.சி.ஆர். என்றால் தினசரி வசூல் கணக்கு. எந்தக் காட்சிக்கு எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட், எவ்வளவு வரி, விநியோகஸ்தர் பங்கு எவ்வளவு என்று நாள்வாரியாக இருக்கும். படப்பெட்டியோடு கூடவே வரும் விநியோகஸ்தரின் ஆள், ரெப் என்பார்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு கணக்குப்பிள்ளைக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்! என் முகத்தைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். கிலோ பதினெட்டு ரூபாய்க்குப் போகிற காகிதம், 2,000 ரூபாய் என்றார். கொடுத்தேன். ஆர்வத்தை முகத்தில் காட்டாதீர்கள், பக்கத்தில் கிடக்கும் பழைய பாடப்புத்தகத்தை விசாரியுங்கள், போகிற போக்கில் இதையும் போடச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் புத்தகத்திலிருந்துதான் தரை டிக்கெட் எத்தனை, பெண்கள் பகுதி எத்தனை, மழை நாளில் எவ்வளவு விழுந்தது என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது. உங்கள் ஊர்த் தியேட்டர் மூடப் போகிறது என்று தெரிந்தால் நாற்காலியைப் போட்டோ எடுப்பது இருக்கட்டும், மேனேஜரிடம் போய் டி.சி.ஆர். புத்தகங்கள், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் உரிமம், விளம்பர சிலைடு கண்ணாடிகள், மிச்சமிருக்கும் டிக்கெட் கட்டுகள் இவற்றை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டிலைட்டில் சுவர் பாதிதான் நின்றது.

ஆபரேட்டர் பெரியவரிடம் மூன்று மணி நேரம் பேசிச் செல்போனில் பதிவு செய்தேன். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி இரண்டும் எரிய எரிய இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் வரும். ஆயிரம் அடி சுருள் பதினோரு நிமிடம், அதற்குள் அடுத்த மெஷினில் அடுத்த சுருள் தயாராக இருக்க வேண்டும். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டும்போது சைக்கிளில் சுருள் தூக்கிக்கொண்டு ஓடும் பையன்கள் இருப்பார்கள். ஒரு மழை நாளில் சைக்கிள் சறுக்கிப் பெட்டி சாக்கடையில் விழுந்தது, கால் மணி நேரம் தாமதம், ஜனங்கள் பெஞ்சைத் தட்டித் தீர்த்தார்கள். அந்தப் பையன் தான்தான் என்றார். இரண்டு வாரம் கழித்து என் செல்போன் உயிரை விட்டது. பதிவு வேறு எங்கும் இல்லை. கடைக் கணக்கைத் தினமும் இரண்டு இடத்தில் எழுதிவைக்கிற ஆள் நான்.

வெட்கத்தோடு மறுபடி போய் உட்கார்ந்தேன். மறுபடி சொன்னார். இம்முறை சைக்கிளில் விழுந்தவன் அவருடைய கூட்டாளி, இவர் கேபினில் மெஷின் பக்கத்தில் தவித்துக்கொண்டு நின்றவர். "போன தடவை நீங்கதான் விழுந்தீங்கன்னு சொன்னீங்களே" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்படியா சொன்னேன்? ரெண்டும்தானுங்க" என்றார். பொய் சொல்கிறவரின் முகமல்ல அது. அறுபது வருடத்தில் இரண்டு மழை ஒன்றாகிப் போயிருக்கும். பதிவு தொலையாமல் இருந்திருந்தால் முதல் கதையைத்தான் அப்படியே அச்சில் ஏற்றியிருப்பேன். அதிலிருந்து யாரிடம் பேசினாலும் இரண்டு முறை போகிறேன். நடுவில் ஒரு மாதமாவது விட்டு, இரண்டாம் முறை ஏதாவது ஒரு பழைய நோட்டீசையோ டிக்கெட்டையோ கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கிறேன். வெறும் கேள்விக்கு வருகிற பதிலும், காகிதத்தைத் தடவிக்கொண்டே வருகிற பதிலும் வேறு வேறாக இருக்கின்றன. வயதானவர்களை ஒத்திப்போடவும் கூடாது. அலுவலகம் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். நான் பட்டியல் போட்டிருந்த ஏழு பேரில், இணையத்தையும் அச்சகத்தையும் முடித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, பேசுகிற நிலையில் இருந்தவர்கள் நாலு பேர்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அச்சு 31,500, அந்தப் பாழாய்ப்போன போட்டோ 4,500, சென்னை 10,800, பேப்பர் கடை 2,000, நகல், மனு, தபால் எல்லாம் சேர்த்து 1,700. ஆக 50,500. அறுபது பிரதி எண்பது ரூபாய் வீதம் விற்றது 4,800. நிகர நஷ்டம் 45,700. சம்பளம் பிடித்த அரை நாள் லீவுகளை இதில் சேர்க்கவில்லை. மனைவி ஒரு நாள் ரொம்பச் சாதாரணமாக, "அந்தக் காசுல தியேட்டர்ல எத்தன படம் பாத்திருக்கலாம்" என்றாள், அவ்வளவுதான் கேட்டாள். முதலிலேயே ஐம்பது பிரதி மட்டும் நகலெடுத்து, விஷயம் தெரிந்த பத்துப் பேருக்குக் கொடுத்து, மூன்று மாதம் காத்திருந்தால் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும். திருத்திய பதிப்பு இப்போது தட்டச்சில் இருக்கிறது. 64 பக்கம் 38 ஆகிவிட்டது. சங்கு ஊதும் அரைப் பக்கம் போய்விட்டது, அதில் வருத்தமே இல்லை.

விற்ற அறுபது பிரதிகளில் முகவரி தெரிந்த நாற்பத்தொரு பேருக்குப் பிழைத்திருத்தத் தாள் அனுப்பினேன். திருச்சிப் பெரியவருக்கு முதலில். அவர் ஒட்டிவிட்டேன் என்று போன் செய்தார். ஆபரேட்டர் பெரியவருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புத்தகம் அவர் கட்டில் பக்கத்தில், மாத்திரை டப்பாவுக்குக் கீழே இருந்தது. பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவது போல, காலண்டர் தாளால் அட்டை போட்டிருந்தார். எதற்குங்க இது என்றேன். "உள்ள இருக்கறதப் படிக்கலாமுங்க. அந்த வாசலத்தான் பாக்க முடியல" என்றார்.